காசாம்பு நீட்டாத கஞ்சி

மழை பொய்த்த வருஷங்களில் ஆறு தன்னிடம் இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டும், முதலில் பாறையைக் காட்டும், அப்புறம் பழைய படித்துறையைக் காட்டும், அதற்கும் அப்புறம் யாரோ எப்போதோ போட்டுவிட்டுப் போன மூக்குடைந்த பிள்ளையாரைக் காட்டும் என்பது மணவாளநத்தத்துக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆகவே காண்ட்ராக்டர் ரத்தினவேலுவின் பொக்லைன் நடு ஆற்றில் மூன்று பனை ஆழத்துக்குத் தோண்டியபோது, இரும்பு வளையங்களால் பின்னிய சட்டை போட்ட ஒருவரும், அரக்கு பூசிய தகடுகளைப் பட்டுக்கயிற்றால் கோத்துக் கட்டிய ஒருவரும் மணலை உதறிக்கொண்டு எழுந்து நின்றதில் யாரும் பெரிதாகத் திடுக்கிடவில்லை. பொக்லைன் ஓட்டுகிறவன் மட்டும் இன்ஜினை அணைத்துவிட்டு, "செலன்னு நெனச்சன், ஆளுங்க" என்று சொல்லி ஒரு பீடி பற்றவைத்தான்.

இரும்புச் சட்டைக்காரரைப் பாடப்புத்தகம் நைட் என்று எழுதும். பிரபுக்களுக்காகக் குதிரைமேல் ஏறிச் சண்டை போட்ட ஐரோப்பிய வீரர். அரக்குத் தகட்டுக்காரர் சாமுராய், ஜப்பானியர். ஊர் இவ்வளவு சிரமப்படவில்லை. அவரைச் சீமையார் என்றது, இவரைச் சப்பானார் என்றது. இருவரும் தமிழ் பேசினார்கள். சீமையார் பேசியது பழைய வேதாகமத் தமிழ், சப்பானார் பேசியது ஒரு வரிக்கு நான்கு சொல்லுக்கு மேல் போகாத தமிழ். இது எப்படி என்று கேட்கிறவர்கள் ஆற்றைத்தான் கேட்க வேண்டும்.

அவர்கள் எழுந்து நின்ற இடத்துக்கு எதிரே, லோடு ஏற்றும் ஆட்களுக்குக் கஞ்சி கொண்டுவந்த காசாம்பு தூக்குச்சட்டியோடு நின்றிருந்தாள். காசாம்பு காலனிக்காரி, புருஷனை இழந்தவள். அவளுடைய ஒரே மகள் சௌமியா போன ஐப்பசியில் காய்ச்சலில் போய்விட்டாள். வடகரையில் காலனிக்காரர்களுக்கென்று இருந்த சுடுகாட்டு மேட்டில், புங்கமரத்தடியில் புதைத்திருந்தது. வேலை முடிந்து திரும்பும்போது காசாம்பு அங்கே உட்கார்ந்து, வெயிலைப் பற்றியும், ஆடு குட்டி போட்டதைப் பற்றியும், பள்ளிக்கூடத்தில் சௌமியாவோடு படித்தவர்கள் யார் யார் பாஸானார்கள் என்பதைப் பற்றியும் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். அந்த மேடு இருந்ததால்தான் அவளுக்கு ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் நடுவில் ஒரு வழி இருந்தது.

மணலுக்குள் பல நூறு வருஷம் பட்டினி கிடந்த இருவரும் அவளுடைய தூக்கைப் பார்த்தார்கள். காசாம்பு மூடியைத் திறந்தாள். கை பாதி தூரம் போயிற்று. பிறகு, அந்த ஊரில் கோயில் பரிவட்டமானாலும், பொங்கலின் முதல் கரண்டியானாலும், சாவுவீட்டு முதல் மாலையானாலும் பெரிய வீட்டுக்குப் போன பிறகே மற்றவர்களுக்கு என்று பிறந்ததிலிருந்து பார்த்துவந்த கை, இப்படிப்பட்ட ஆட்களுக்கு நான் ஊற்றுவதா, ஊற்றினால்தான் குடிப்பார்களா, குடித்தால்தான் பார்த்தவர்கள் சும்மா விடுவார்களா என்று தானாகவே யோசித்துத் திரும்பி வந்தது. மூடியை அழுத்தி மூடினாள்.

"பெரிய வீட்டுக்குப் போங்க சாமி, எல போடுவாங்க" என்றாள்.

அவர்கள் போனார்கள். காண்ட்ராக்டர் வீட்டில் தலைவாழை இலை போட்டுக் கறிக்குழம்பு ஊற்றினார்கள். சாப்பிட்டு முடித்த சப்பானார் நெற்றி தரையில் படக் குனிந்து, "இனி உயிர் உங்களுடையது" என்றார். சீமையார் மண்டியிட்டுத் தம் இரு கைகளையும் கூப்பி ரத்தினவேலுவின் கைகளுக்கு நடுவில் வைத்தார். அவர்கள் தேசத்தில் ஒருவன் இன்னொருவனுடைய ஆளாக மாறுவது அப்படித்தான். ரத்தினவேலு அதைக் கும்பிடு என்று நினைத்து, "பரவால்ல, பரவால்ல, இருக்கட்டும்" என்று அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டார். வேலை முடிந்தது. செஞ்சோற்றுக்கடன் என்று நாம் இதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறோம். உலகம் முழுக்க வாள் பிடித்தவர்கள் இதற்கு ஆளுக்கொரு சொல் வைத்திருக்கிறார்கள், சோறு மட்டும் மாறும்.

பிறகு ஊர் அவர்களைச் செரித்துக்கொண்டது. கிராம நிர்வாக அலுவலர் என்ன சாதி என்று கேட்டு, இருவரும் விழித்ததைப் பார்த்து, "கத்தி வெச்சிருக்குற சாதி" என்று தாமே தீர்மானித்தார். எந்தத் தெருவில் குடிவைப்பது என்ற கேள்வி அதோடு முடிந்தது. சீமையாருக்குக் குதிரை இல்லாமல் நடக்க வரவில்லை என்பதால் கல்யாண ஊர்வலத்துக்கு விடும் வெள்ளைக் குதிரை ஒன்றைக் காண்ட்ராக்டர் வாங்கிக்கொடுத்தார். அது எங்கே தவுல் சத்தம் கேட்டாலும் நின்று ஆடிவிட்டுத்தான் நகரும், சீமையாரும் அதன்மேல் முகம் மாறாமல் உட்கார்ந்திருப்பார். பெரிய தெருப் பெண்கள் எதிரே வந்தால் இறங்கி, தலைக்கவசத்தைக் கழற்றிக் குனிந்து வழிவிடுவார். காலனிப் பெண்கள் எதிரே வந்தால் இறங்கமாட்டார். அதில் பகை ஒன்றும் இல்லை, மைல்கல்லுக்கு யாரும் வணக்கம் சொல்வதில்லை, அவ்வளவுதான். சப்பானார் ஒரு நாள், செருப்புக் காலோடு தம்மை உரசிக்கொண்டு சைக்கிளில் போன காலனி இளைஞன் ஒருவனைப் பார்த்து வாளைப் பாதி உருவினார். அவர்கள் நாட்டில் மரியாதை தவறிய குடியானவனை நின்ற இடத்தில் வெட்ட அவருக்கு உரிமை உண்டாம். ஊரில் பெரியவர்கள் சிலர் கண் கலங்கிவிட்டார்கள். இவ்வளவு தூரத்திலிருந்து வந்தவர் இவ்வளவு சொந்தமாக இருப்பார் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

மேல்நிலைப் பள்ளியில் வரலாறு எடுக்கும் எஸ்தர் ராஜகுமாரி டீச்சர் கரும்பலகையில் நடுவே கோடு போட்டு, இந்தப் பக்கம் சாமுராய், அந்தப் பக்கம் நைட் என்று ஒற்றுமை வேற்றுமை எழுதிப்போட்டார். இரண்டு பேருடைய தர்மத்தையும் எழுதிவைத்தவர்கள் பெரும்பாலும் சண்டைக்குப் போகாதவர்கள் என்பதையும் சொன்னார். அங்கே, இந்த முரடர்கள் இப்படி நடந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஏங்கிய பாதிரிமார்கள். இங்கே, சண்டையெல்லாம் ஓய்ந்த பிறகு, வாளை என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்த பேரப்பிள்ளைகள். இது தேர்வுக்கு வராது என்பதால் யாரும் எழுதிக்கொள்ளவில்லை. மற்றதெல்லாம் பிச்சாண்டியின் டீக்கடைக்கு வந்து சேர்ந்தது.

"சீமையாரு பாவம் பண்ணா சர்ச்சு சாமியாருகிட்ட சொல்லிட்டு மறுநாளே சுத்தமாயிடுவாரு. சப்பானாரு தப்பு பண்ணா வயித்தக் கிழிச்சிக்குவாரு. எதுய்யா ஒசத்தி?" என்றார் டீ ஆற்றிக்கொண்டே பிச்சாண்டி.

"பொண்ணு குடுக்குறதா இருந்தா சீமையாருக்குக் குடுக்கலாம்" என்றார் உரக்கடைக்காரர். "சப்பானாருக்குக் குடுத்து, கொழம்புல உப்பு கொறைச்சல்னு எவனாச்சும் சொல்லிட்டா, பொண்ணு அன்னிக்கே தாலியறுக்கணும்."

"அவருக்கு மானம் பெருசு, இவருக்கு மன்னிப்பு பெருசு. அதான் வித்தியாசம்னு டீச்சரம்மா சொன்னாங்களாம்."

"சீமையாரு கூடுதலா ஒண்ணு சத்தியம் பண்ணியிருக்காராம். விதவைங்க, தாய்தகப்பன் இல்லாத புள்ளைங்க, கதியத்தவங்க, இவங்களக் காப்பாத்தியே தீரணுமாம். சப்பானாரு பக்கம் அந்தக் கட்டம் காலியாம்."

கடைக்கு வெளியே, தன் தம்ளரில் டீ வாங்கிக்கொண்டு நின்றிருந்த காசாம்பு இதைக் கேட்டாள். அப்போது அவளுக்கு அதில் வேலை இருக்கவில்லை. சித்திரையில் வேலை வந்தது. ஆற்று மணல் தீர்ந்து களி தட்டிவிட்டதென்றும், வடகரை மேட்டில் பழங்காலத்து மணல் பவுன் மாதிரி கிடக்கிறதென்றும், சுடுகாட்டுக்கு வேறு இடம் பார்த்துத் தருவதாகவும் ரத்தினவேலு ஆள்விட்டுச் சொன்னார். காலனிக்காரர்கள் கலெக்டர் ஆபீஸ் வரை போனார்கள். போய்த் திரும்பி வந்தார்கள். அதில் பாதிப் பேருக்குப் பொக்லைனோடு வேலை கிடைத்தது.

காசாம்பு சீமையாரைத் தேடிப் போனாள். அவர் அரிசி ஆலைக் களத்தில் குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, விதவைங்களக் காப்பாத்துவன்னு சத்தியம் பண்ணியிருக்கீங்களாம்."

"ஸ்திரீயே, பலிபீடத்துக்கு முன்பாக அப்படியே ஆணையிட்டேன்."

"நானும் அறுத்தவதாங்க. அந்த மோட்டுல எம்மவளப் பொதச்சிருக்கன். அதத் தோண்டப் போறாங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னா காண்ட்ராக்டரு கேப்பாரு."

சீமையார் முகம் இளகியது. வாளின் பிடியில் கை போயிற்று. பிறகு அவர், ஒரு சடங்கை ஒழுங்காகச் செய்கிறவரைப் போல, "உன் பிதா எந்தக் கோட்டைக்கு உடையவன்?" என்று கேட்டார்.

"கோட்டையெல்லாம் இல்லீங்க. காலனி வீடு. அதுவும் ஒழுவுது."

அவர் ஏமாற்றப் பார்க்கவில்லை. தன் சத்தியத்தை மறுபடி மறுபடி மனதுக்குள் படித்து, அதில் இவளுக்கு ஓர் இடம் இருக்கிறதா என்று நேர்மையாகத் தேடினார்.

"விதவை என்று அதிலே சொல்லியிருக்கிறது பிரபுக்களின் விதவைகளை" என்றார் கடைசியில். "உழுது பிழைக்கிறவர்களைக் குறித்து அதில் ஒன்றுமில்லை. யுத்த காலத்தில் நாங்கள் சத்துருவின் நாட்டுக்குள் போகும்போது அவனுடைய கிராமங்களைக் கொளுத்திக்கொண்டே போவோம். அது என் ஆணைக்கு விரோதமென்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. பிற்பாடு எனக்கே மனம் உறுத்திற்று. குருவானவரிடத்தில் பாவசங்கீர்த்தனம் பண்ணினேன். நீங்கிற்று."

"கொளுத்துன ஊரு?"

"அது நீங்கவில்லை" என்றார் சீமையார், கண் நிறைந்து.

அழுகிறவரை விட்டுவிட்டு அவள் சப்பானாரிடம் போனாள். அவர் மோட்டார் கொட்டகை நிழலில் உட்கார்ந்து தேங்காயெண்ணெய் தொட்டு வாளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். நடுவில் ஒரு கேள்வி கேட்கவில்லை. கோட்டையைப் பற்றியும் கேட்கவில்லை.

"என் தலைவர் செய்வது தவறு" என்றார்.

"அதத்தாங்க நானும் சொல்றன்."

"அவரிடம் சொல்வேன். கேட்காவிட்டால் மறுபடி சொல்வேன். அப்போதும் கேட்காவிட்டால் வயிறு சொல்லும்."

காசாம்புவுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. "ஐயோ, அது எதுக்குங்க? நீங்க செத்துப்போயி எனக்கு என்னா ஆவப் போவுது? சும்மா பொக்லைனுக்கு எதுருல வந்து நில்லுங்க. கத்தியக்கூட உருவ வேணாம். நின்னா போதும். அவன் ஓட்டமாட்டான்."

"தலைவருக்கு எதிரே நிற்பது கிடையாது."

"சாவறது மட்டும் உண்டா?"

"அது உண்டு. உனக்காக அல்ல. அவர் மானத்துக்காக."

அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். உலகத்தில் இரண்டு பெரிய தர்மங்கள், ஒன்று கிழக்கே முளைத்தது, ஒன்று மேற்கே முளைத்தது, இரண்டும் அவளுடைய ஊருக்கே வந்து எழுந்து நின்றன, இரண்டிலும் அவளுடைய மகளைப் புதைத்த அளவுக்குக்கூட இடம் இல்லை. சப்பானார் வாளை உறையில் போட்டார். அவர் கொடுமைக்காரர் அல்ல. உண்மையைச் சொல்லாமல் இருப்பது மரியாதைக் குறைவு என்று வளர்க்கப்பட்டவர். ஆகவே சொன்னார்.

"அன்று மணலிலிருந்து எழுந்தேன். எதிரே நீ நின்றாய். கையில் பாத்திரம் இருந்தது. நீட்டியிருந்தால் என் வாள் உன்னுடையது."

"என் கையாலயா? நீங்க குடிச்சிருப்பீங்களா?"

"பசித்தவனுக்கு நீட்டிய கைதான் தலைவன். நீ மூடினாய். போகச் சொன்னாய். போனேன்."

சாமுராய் வரலாறு படித்தவர்கள் இதை நம்பமாட்டார்கள், அங்கேயும் குலம் பார்த்துத்தான் கஞ்சி குடித்தார்கள் என்று அடிக்குறிப்புப் போடுவார்கள். போடட்டும். காசாம்பு நம்பினாள். அன்றிலிருந்து அவளுக்குத் தன் வலது கையைப் பார்க்கவே பிடிக்காமல் போயிற்று. இடது கையால் சோறு பிசைந்தாள். பக்கத்து வீட்டுத் தெய்வானை பார்த்துவிட்டு, "என்னாடி, கை சுளுக்கா?" என்று கேட்டாள். "சுளுக்குதான்" என்றாள் காசாம்பு. "எங்காத்தா காலத்துலருந்தே சுளுக்கு."

பொக்லைன் மேட்டுக்கு வந்த காலையில் காலனியில் மீதமிருந்தவர்கள் எல்லோரும் புங்கமரத்தடியில் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் சீமையார் குதிரையைக் குறுக்கே நிறுத்தி, கேடயத்தை நீட்டி, "தயவுபண்ணி அப்பால் போங்கள்" என்று மன்றாடிக்கொண்டே ஒவ்வொருவராகப் பின்னால் தள்ளினார். தள்ளும்போது ஒரு வயசாளி விழுந்தார். இறங்கித் தூக்கிவிட்டு, மறுபடி தள்ளினார். ரத்தினவேலு காரிலிருந்து இறங்கினார். சப்பானார் அவர் காலடியில் குனிந்து, இது தவறு என்றார். ரத்தினவேலு, "வெயிலுக்கு முன்ன ஆரம்பிக்கணும், நகருங்க" என்றார். இது தவறு என்றார் சப்பானார் மறுபடி. "இவருக்கு எளனி வெட்டிக் குடுங்கடா" என்றார் ரத்தினவேலு.

சப்பானார் எழுந்து மேட்டின் உச்சிக்குப் போய், வடக்கே பார்த்து உட்கார்ந்து, பட்டுக்கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். மானம் போனால் வடக்கிருந்து உயிர் விட்ட மன்னர்களும், அரசன் ஜெயிப்பதற்காகத் தன் கழுத்தைத் தானே அறுத்துக் கல்லில் நிற்கிற வீரர்களும் நம் மண்ணிலேயே உண்டு என்பதால், என்ன நடக்கப்போகிறது என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. காசாம்பு மட்டும் ஓடினாள். "வேணாங்க, வேணாங்க" என்று கத்திக்கொண்டு ஓடினாள். சீமையாரின் கேடயம் அவளை மார்பில் தடுத்து நிறுத்தியது, மிகவும் மெதுவாக, ஒரு பூவைத் தடுப்பதுபோல. அந்தக் கேடயத்தின் விளிம்பில் முகம் பதித்தபடியே அவள் அந்தக் கத்தி இடமிருந்து வலமாகப் போவதைப் பார்த்தாள்.

பொக்லைன் நின்றது. ரத்தினவேலு அழுதார். பொய் இல்லை, தேம்பித் தேம்பி, துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். தனக்காக ஒருவன் இப்படிச் சாவான் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. வண்டிகளைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். அன்றைக்குச் சாயங்காலம் காசாம்பு புங்கமரத்தடியில் உட்கார்ந்து, "நின்னுடுச்சிடி" என்று மகளிடம் சொன்னாள்.

துக்கம் ரத்தினவேலுவின் வீட்டில் காரியம் வரைக்கும் இருந்தது. பிறகு அது அவருக்குப் பெருமையாகத் திரும்பியது. என் சோற்றைத் தின்று என் மானத்துக்காகச் செத்த மனிதனை அப்படியே விடுவதா, மேட்டிலேயே கல் நாட்டி, சுற்றிலும் மண்டபம் கட்ட வேண்டும் என்றார். ஊர் முழுக்க ஆமாம் என்றது. மண்டபத்துக்கு அஸ்திவாரம் வேண்டும், அஸ்திவாரத்துக்குத் தோண்ட வேண்டும், தோண்டப் பொக்லைன் வேண்டும், தோண்டிய மணலை எங்கேயாவது கொட்டியாக வேண்டும், ஆகவே லாரி வேண்டும். சாமி காரியம் என்பதால் கலெக்டர் ஆபீஸிலும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

"தோண்டக் கூடாதுன்னுதான அவரு செத்தாரு" என்றாள் காசாம்பு, காண்ட்ராக்டரின் காரை மறித்து.

"அவரு எனக்காகச் செத்தாரு காசாம்பு" என்றார் ரத்தினவேலு, நிஜமான வேதனையோடு. "ஊரு ஒலகம் பூரா தெரியும். நீ எதுக்குக் குறுக்க குறுக்க வர்ற? ஒம் பொண்ணுக்குப் பக்கத்துலயே ஒரு தெய்வத்த வெக்கிறன். எவ பொண்ணுக்குக் கெடைக்கும் இந்தத் தொண?"

தெய்வானையும் அதையே சொன்னாள். "சாமி எறங்குன எடத்துல வாய் குடுக்காதடி."

அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே புங்கமரம் சாய்ந்தது. சீமையார் காவல் நின்றார். ஞாயிறுதோறும் குதிரையேறிப் பக்கத்து ஊர் மாதா கோயிலுக்குப் போய், கண்டதையெல்லாம் சொல்லி அழுதுவிட்டு, முகம் தெளிந்து திரும்பி வந்தார். அவருடைய மனம் வாரத்துக்கு ஒரு முறை காலியாயிற்று, மேடும் காலியாயிற்று. ஆடியில் கல் நின்றது. கையில் வாளோடு, நம் ஐயனாரின் மீசையோடு சப்பானார் அதில் நின்றார். முதல் மாலை ரத்தினவேலுவுக்கு விழுந்தது. சுற்றிலும் கம்பி வேலி போட்டு, காலனிக்காரர்கள் வேலிக்கு வெளியே நின்று கும்பிட்டுக்கொள்ளலாம் என்று ஊர்க்கூட்டத்தில் பெருந்தன்மையாக முடிவாயிற்று. வேலிக்கு உள்ளே கல் இருந்தது. கல்லுக்குப் பின்னால், வேலி முடிகிற இடத்திலிருந்து ஆற்றுக்குள் சரிகிற பள்ளம்தான் இருந்தது.

காசாம்பு இப்போது கஞ்சி தூக்குவதில்லை. மேட்டிலிருந்து தார்ச்சாலை ஏறுகிற வளைவில் காலையில் வந்து உட்காருகிறாள். லாரிகள் கல்லின் முன்னால் நின்று, தேங்காய் உடைத்து, ஹாரன் அடித்து, ஈரம் சொட்டச் சொட்ட மணலை ஏற்றிக்கொண்டு பட்டணத்துக்குப் போகின்றன. அந்த மணலில் என்ன இருக்கிறது என்று ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், தார்ப்பாயை இழுத்து மூடிக்கொள்கிறார்கள். எந்த லாரியில் சௌமியா போனாள், அல்லது இனிமேல்தான் போகப்போகிறாளா என்று காசாம்புவுக்குத் தெரியவில்லை. தெரியாததால், ஒவ்வொரு லாரி வரும்போதும் எழுந்து நிற்கிறாள், அது வளைவு திரும்பி மறைந்த பிறகுதான் உட்காருகிறாள்.

ரத்தினவேலு ஒரு நாள் காரில் போகும்போது இதைப் பார்த்தார். தன் லாரி ஒவ்வொன்றுக்கும் அவள் எழுந்து நிற்பதைப் பார்த்து அவருக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது.

"மொதல்ல சண்ட போட்டா, இப்ப பாரு" என்றார் டிரைவரிடம். "மரியாத தெரிஞ்ச பொம்பள."

பின்னால் இன்னொரு லாரி ஹாரன் அடித்தது. காசாம்பு முழங்காலில் கையூன்றி எழுந்தாள்.